ஆடி முடியும் மட்டும்

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்து இரண்டாம் நாள். இந்த மாதம் முழுக்க ஊரில் ஒரு நல்ல காரியமும் கிடையாது, ஆவணிக் கல்யாணங்களுக்கான பிளவுஸ்களை நிம்மதியாக வெட்டி வைக்கலாம் என்று நினைத்திருந்தேன். சாயங்காலம் இவர் பார்சல் ஆபீசிலிருந்து வந்தபோது பின்னாலேயே ஒரு பையனும் வந்தான். தோளில் ஒரு பை, கையில் பிளாஸ்டிக் கவருக்குள் கறுப்பு ஷூ. தாடியில் முதலில் அடையாளமே தெரியவில்லை. கண்ணைப் பார்த்த பிறகுதான் கோமதி மகன் நவநீதன் என்று தெரிந்தது. அப்படியே அம்மாவின் கண்.

கோமதி இவருடைய ஒரே தங்கை. போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. அவள் புருஷன் சிவகாசியில் வேறு கல்யாணம் செய்துகொண்டு கைக்குழந்தையோடு இருக்கிறார். பையன் மெட்ராசில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறான் என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

"கொஞ்ச நாளைக்கு இங்கன இருக்கட்டும் வடிவு" என்றார் இவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே. முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

"இருக்கட்டும், இருக்கட்டும். சாப்ட்டியாப்பா?" என்றேன். பையன் முன்னால் நிற்கிறானே, வேறென்ன சொல்ல.

"இல்ல அத்தை" என்றான். முந்தின நாளிலிருந்தே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 19, சனி

திங்கள்கிழமை வரைக்கும் என்று அரைத்த மாவு இன்று காலையே காலி. வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

விஷயம் இன்றைக்குத்தான் வெளியே வந்தது. போனிலேயே கடன் கொடுக்கிறார்களாம். ஜாமீன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதுமாம். கட்டத் தவறினால் அவன் போனில் இருக்கிற அத்தனை பேருக்கும் அவன் படத்தைப் போட்டு "திருடன்" என்று எழுதி அனுப்புகிறார்கள். வாத்தியார்களுக்குப் போயிருக்கிறது, கூடப் படிக்கிற பெண் பிள்ளைகளுக்குப் போயிருக்கிறது, அவன் அப்பா வேலை பார்க்கிற அச்சாபீஸ் முதலாளிக்குப் போயிருக்கிறது. அப்பா "இனி என் வாசப்படி ஏறாதே" என்றுவிட்டார். பரீட்சைப் பணம் கட்டவில்லை. ஹாஸ்டலில் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மார்ச் மாதமே காலேஜை விட்டாயிற்று. அதன் பிறகு கூட்டாளிகள் அறையில் மாறி மாறிக் கிடந்திருக்கிறான்.

"எதுக்குடே வாங்குன?"

"மொதல்ல வாங்குனத அடைக்கதுக்கு அத்தை."

"அந்த மொதல்ல வாங்குனது எதுக்கு?"

"கேம்பஸ் இன்டர்வியூக்கு. ஷூவும் சட்டையும் வாங்குனேன். மெஸ் பாக்கியும் இருந்துச்சு."

"வேல கெடச்சுதா?"

"இல்ல."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் எறிந்தேன். ஒரு போன் போட்டிருந்தால் மாமா அனுப்பியிருக்க மாட்டாரா என்று கேட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அனுப்பியிருப்பார்தான். நான் விட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

இவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். எங்கள் ஒரே மகள் பூரணிக்குத் தூத்துக்குடி இடம் கூடி வந்திருக்கிறது. ஜாதகம் பொருந்தி, கோயிலில் வைத்துப் பெண்ணையும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆடி கழியட்டும், வீட்டுக்கு வந்து பேசி முடிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆகவே ஆடி முடியும் மட்டும் இவன் இருக்கலாம். அதற்குள் ஒரு வழி பார்த்துக்கொள்ளட்டும். கல்லாக நின்று சொன்னேன். இவர் தலையாட்டினார்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமனும் மருமகனும் விடியற்காலையிலேயே குறுக்குத்துறைக்குப் போனார்கள். ஆற்றில் ஒரே கூட்டமாம். இவர் தன் அப்பா அம்மாவுக்கும், நவநீதன் கோமதிக்கும் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்தார்கள். வந்தவுடன் கூடத்தில் மாட்டியிருக்கிற கோமதி படத்துக்கு அவனே மாலை போட்டான். தாடியை எடுத்திருந்தான். படத்தையும் அவனையும் சேர்த்துப் பார்த்தால் ஒரே அச்சு.

இலையில் உட்கார்ந்து, "அம்மா பேரச் சொல்லச் சொன்னாவ அத்தை. எனக்குச் சொல்ல வரல. மாமாதான் சொன்னாவ" என்றான். எனக்கு அழுகை வந்தது. பாயசம் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று ஒரு காரியம் செய்தேன். சரியா தப்பா என்று இன்னும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டுச் செண்பகம் மொட்டைமாடிக்கு வத்தல் காயப்போட வந்தாள். வத்தல் ஒரு சாக்கு. இந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருஷம்தான் ஆகிறது, எங்கள் சொந்தபந்தம் அவளுக்கு இன்னும் பாடமாகவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வருகிறாள். அவளுடைய சித்தப்பா மகளைத்தான் மாப்பிள்ளையின் பெரியப்பா கட்டியிருக்கிறார். இவளிடம் காலையில் சொன்னது சாயங்காலம் தூத்துக்குடியில் இருக்கும்.

"மைனி, வீட்டுல புதுசா ஒரு பையன் நிக்கானே, சொந்தமா?"

"ஆமா."

"யாரு, பூரணிக்கு முறைப்பையனா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். கல்யாண வயசில் பெண் இருக்கிற வீட்டில் அத்தை மகன் வந்து தங்கினால் ஊர் என்ன சொல்லும்? அவனுக்குத்தான் முடித்து வைத்திருக்கிறார்கள், பணம் இல்லையென்று வெளியே மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று சொல்லும். போன வருஷம் கீழத்தெருவில் ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் பூ வைக்கிற நாளில் ஆள் வரவில்லை. வாய் எனக்கு முந்திக்கொண்டது.

"சேச்சே, எங்க அக்கா மகன்லா. பம்பாய்ல இருக்காளே, அவ மகன். பூரணிக்கு அண்ணன் முறை."

அத்தை மகன் என்றால் கட்டிக்கொள்கிறவன். பெரியம்மா மகன் என்றால் கூடப் பிறந்தவன். அவ்வளவுதான், ஒரு வார்த்தையில் பையனை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தூக்கி வைத்துவிட்டேன். செண்பகத்தின் முகம் சப்பென்று போய்விட்டது. இனி அவன் எத்தனை நாள் இருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அவனுக்கும் நல்லதுதானே.

ஜூலை 28, திங்கள்

இவரிடம் சொன்னேன். "அப்ப கோமதிக்குப் பிள்ளையே இல்லன்னு சொல்லிட்டு வந்துருக்க" என்றார்.

"அவ செத்துட்டா. எம்மக உசுரோட இருக்கா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

நவநீதனைக் கூப்பிட்டு நானே சொன்னேன். வெளி ஆள் இருக்கும்போது மட்டும்தான். என்னை சித்தி என்றும் மாமாவை சித்தப்பா என்றும் கூப்பிட வேண்டும், ஆடி முடியும் மட்டும்தான். "சரி அத்தை" என்றவன், உடனே "சரி சித்தி" என்று திருத்திக்கொண்டு சிரித்தான். கெட்டிக்காரப் பிள்ளை. கெட்டிக்காரத்தனத்துக்கு எந்தக் கடையில் வேலை போட்டுத் தருகிறார்கள்?

பூரணிதான் குதிக்கிறாள். "நான் அண்ணன்னும் சொல்ல மாட்டேன், தம்பின்னும் சொல்ல மாட்டேன். சின்ன வயசுலருந்து நவநீன்னுதான் கூப்பிடுதேன், அப்படித்தான் கூப்பிடுவேன்."

ஆகஸ்ட் 1, வெள்ளி

வீட்டுக்குள்ளேயும் சித்தி என்றுதான் கூப்பிடுகிறான். ஜன்னல் திறந்திருக்கிறதாம், யார் காதில் விழும் என்று தெரியாதாம். அக்கா பிள்ளைகள் பம்பாயிலேயே வளர்ந்தவை, இந்தியில் "மௌசி" என்று கூப்பிட்டுவிட்டுப் போய்விடும். என்னை வாய் நிறைய சித்தி என்று யாரும் கூப்பிட்டதில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை எழுதியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போவோம் என்றாள் பூரணி. இவர் வரமாட்டேன் என்றதால் நான்கு பேரும் கூடத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். நவநீதன் ஒரே கரண்டியோடு நிறுத்திக்கொண்டான். வயிறு சரியில்லையாம். வந்த மறுநாள் மாவைப் பற்றி நான் சத்தம் போட்டது காதில் விழுந்திருக்கிறது.

இந்த வாரம் முழுக்க அலைந்திருக்கிறான். ஜவுளிக்கடையில் கேட்டிருக்கிறான், ஸ்கேன் சென்டரில், இரண்டு செல்போன் கடைகளில். எல்லா இடத்திலும் பத்தாவது, பன்னிரண்டாவது ஒரிஜினல் சர்டிபிகேட் கேட்கிறார்கள். அது காலேஜில் இருக்கிறது. பாக்கியைக் கட்டினால்தான் தருவார்களாம். பாக்கியைக் கட்ட வேலை வேண்டும், வேலைக்கு சர்டிபிகேட் வேண்டும். இதை அவன் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தட்டைப் பார்த்துச் சொன்னான். இவர் தன் பார்சல் ஆபீசில் சுமை ஏற்றுகிற வேலைக்காவது கேட்டுப் பார்த்தார். மாமாவைக் கூப்பிட அவன் போனில் வைத்திருந்தது ஆபீஸ் நம்பர்தான், அங்கேயும் அந்தப் படம் வந்திருக்கிறது. முதலாளி சிரித்தாராம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். கூப்பிட்டால் எழுந்து வருகிறான், சொன்ன வேலையைச் செய்கிறான், மறுபடி போய்ப் படுத்துக்கொள்கிறான். கொக்கி தைக்கக் கொடுத்தேன். இடமும் வலமும் மாற்றித் தைத்து வைத்தான். அத்தனையையும் பிரித்தேன். திட்டினேன். "ஆமா சித்தி, எனக்கு எதுவுமே வரல" என்றான். அந்தப் பதிலுக்குத் திட்டே தேவலை.

இவர் மொட்டைமாடிக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார். சாவியைத் தன் இடுப்பிலேயே வைத்திருக்கிறார். வத்தல் காயப்போடக் கேட்டால் கூடவே ஏறி வந்து நிற்கிறார். கேட்டதற்குக் குரங்கு வருகிறது என்கிறார். இந்தத் தெருவில் நான் குரங்கையே பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மாப்பிள்ளையின் அம்மா ராஜேஸ்வரி போன் பண்ணினார்கள். ஆவணி பிறந்ததும், ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி வந்து பேசி முடிக்கிறார்களாம். குரலே தங்கமான குரல். எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், "உங்க அக்கா மகன் அங்கதான் இருக்காராமே, செண்பகம் சொன்னா. பொண்ணுக்குக் கூடப்பொறந்தவங்க இல்லையேன்னு எனக்கு ஒரு கொற இருந்துச்சு. அவரும் அன்னைக்கு இருக்கட்டும், பாப்போம்" என்றார்கள்.

ஆடியோடு அனுப்பலாம் என்றிருந்தவனை இப்போது அனுப்பவும் முடியாது. சாப்பிடும்போது அவனிடம், "நீ ஆவணி கடைசி வரைக்கும் இருந்துக்கடே" என்றேன்.

"ஆடி முடிஞ்சும் இருக்கலாமா சித்தி?"

"அதான் சொல்லுதேன்லா."

அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. இன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். எதற்காக இருக்கச் சொல்கிறேன் என்று நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சொல்லிவிட்டேன். "ஓ" என்றான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. செண்பகம் வந்து வெற்றிலை வாங்கிக்கொண்டு போனாள். வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

வீடு முழுக்க ஒட்டடை அடித்து, கழுவிவிட்டு, ஜன்னல் திரையெல்லாம் புதிதாகத் தைத்துப் போட்டேன். கூடத்துக்கு வந்தபோதுதான் கோமதி படம் கண்ணில் பட்டது. நாளைக்கு வருகிறவர்கள் நேர் எதிரே உட்காருவார்கள். மேலே படம், கீழே அதே முகத்தோடு அவன். சின்னக் குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

இவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படத்தின் கீழே முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, துடைக்கப் போவது போல நின்றுகொண்டிருந்தேன். நவநீதன் வந்தான். முக்காலியில் ஏறி, படத்தைக் கழற்றி, மாலையை எடுத்துவிட்டு, தன்னுடைய துண்டில் சுற்றினான்.

"எங்க வைக்கணும் சித்தி?"

பீரோவின் மேல்தட்டைக் காட்டினேன். நான் எடுக்கச் சொல்லவில்லை. அவனாகத்தான் எடுத்தான். படம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெளுப்பாக இருந்ததால் ஒரு காலண்டரை மாட்டினேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதை முதலில் எழுதிவிடுகிறேன். அவர்களுக்குப் பூரணியைப் பிடித்துவிட்டது. எதுவும் கேட்கவில்லை, போட முடிந்ததைப் போடுங்கள் என்றார்கள். ஐப்பசியில் கல்யாணம். மாப்பிள்ளை அமைதியான பையன், துறைமுகத்தில் கப்பல் கம்பெனி ஆபீசில் வேலை. ராஜேஸ்வரி அம்மா பூரணியின் தலையில் பூ வைத்துவிட்டு அப்படியே கன்னத்தைத் தடவினார்கள். இப்படி ஒரு மாமியார் எத்தனை பேருக்குக் கிடைப்பாள்?

நவநீதன் அந்த இன்டர்வியூ சட்டையைப் போட்டுக்கொண்டு காபி டம்ளர்களைக் கொண்டுவந்து கொடுத்தான். அவர்கள் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்கள்.

"அம்மா வரலையாப்பா?"

நான் அடுப்படி வாசலில் பஜ்ஜித் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

"அம்மா பம்பாய்ல இருக்காங்க" என்றான்.

"நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க. கொஞ்சம் முட்டு வலி. அதான் ரயில்ல வர முடியல. பூரணிய ரொம்பக் கேப்பாங்க. தினம் ரெண்டு தரம் போன் பண்ணிருவாங்க, சாப்ட்டியா சாப்ட்டியான்னு."

முட்டு வலி வரைக்கும்தான் நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மிச்சத்தை அவனே சேர்த்துக்கொண்டான். நிறுத்தவும் இல்லை. அம்மா என்ன குழம்பு நன்றாக வைப்பாள், தலைக்கு என்ன எண்ணெய் தேய்ப்பாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அத்தனையும் கோமதி. கோமதி வைக்கிற சொதி, கோமதி தேய்க்கிற விளக்கெண்ணெய். இவர் எழுந்து கொல்லைப்புறம் போனவர் அவர்கள் கிளம்பும்போதுதான் வந்தார்.

"அம்மாட்ட சொல்லுய்யா, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்துறணும்னு" என்றார்கள் ராஜேஸ்வரி அம்மா.

"கண்டிப்பா சொல்லுதேன்" என்றான் அவன்.

ஆகஸ்ட் 30, சனி

இத்தனை நாள் என் மண்டையில் ஏறாத ஒன்றை அவன்தான் இன்றைக்குச் சொன்னான். காலையில் காபி குடித்துக்கொண்டே, சாதாரணமாக.

"கல்யாணத்துல நான் இருக்க முடியாதுல்லா சித்தி?"

"ஏன் முடியாது?"

"நம்ம ஆளுக எல்லாம் வருவாவ. சங்கரன்கோயில் பெரியாச்சி, கடையநல்லூர் தாத்தா. என்னப் பாத்தா, கோமதி மகன் எப்படி வளந்துட்டான்னுதான கேப்பாவ. மாப்ள வீட்டுக்காரங்க பக்கத்துலயே நிப்பாங்க. ஒங்க அக்காவும் வருவாங்க. அவங்கள அம்மான்னு கூப்பிட முடியுமா?"

அவனை இந்த வீட்டில் வைத்திருக்கத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது சொந்தக்காரர்கள் கூடுகிற எந்த இடத்திலும் அவன் நிற்க முடியாது. வளைகாப்பு, பிள்ளைக்குப் பேர் வைக்கிறது, எங்கள் சாவு, எதற்கும் வர முடியாது. "அதெல்லாம் பாத்துக்கிடலாம்டே" என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று எனக்கே தெரியாது. அவன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 1, திங்கள்

பூரணி என்னைச் சும்மா விடவில்லை. "பொய் சொன்னது நீ. அவன் எதுக்கு வெளிய போவணும்? அந்த அம்மா நல்லவங்களாத்தான இருக்காங்க. போன் போட்டு உண்மையச் சொல்லு. இதுக்காக அவங்க வேண்டாம்னு சொன்னா, அந்த இடம் எனக்கு வேண்டாம்."

இளம் ரத்தம், சொல்வது சுலபம். ஆனால் அவள் சொன்னது நியாயம் என்று மதியம் முழுக்க நெஞ்சில் குடைந்துகொண்டே இருந்தது. தையலை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன். ராஜேஸ்வரி அம்மா உடனே எடுத்தார்கள். "சொல்லுங்க மைனி" என்றார்கள், அவ்வளவு பிரியமாக. முகூர்த்தப் புடவை பிளவுசுக்குக் கை எவ்வளவு நீளம் வைக்கட்டும் என்று கேட்டேன். முழங்கை வரைக்கும் என்றார்கள். முதுகில் ஜன்னல் வைத்துத் தைக்கலாமா, வேண்டாமா என்று வேறு பேசினோம். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் நவநீதன் கதவோரம் நிற்கிறான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியவில்லை.

"முழங்கை வரைக்கும் நல்லாத்தான் இருக்கும் சித்தி" என்றான்.

செப்டம்பர் 4, வியாழன்

போய்விட்டான். திருப்பூரில் கூடப் படித்தவன் ஒருத்தன் பனியன் கம்பெனியில் இருக்கிறானாம், சர்டிபிகேட் இல்லாமலேயே எடுத்துக்கொள்கிறார்களாம், தங்க இடமும் உண்டாம். நம்பினேன். நம்பத்தான் எனக்குத் தேவையாக இருந்தது. புளியோதரை கட்டிக் கொடுத்தேன். இவர் கையில் இருந்ததையெல்லாம் அவன் பையில் திணித்தார். அவன் எடுத்து மேசையில் வைத்தான், இவர் மறுபடி திணித்தார். கோமதி படத்தை எடுத்துக்கொண்டு போகிறாயா என்று நான் கேட்டேன். "எங்கன மாட்டுவேன், இங்கயே இருக்கட்டும்" என்றான்.

வாசல் வரைக்கும் போனேன். அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்து, என்னவோ சொல்லப்போனான். பழையபடி அத்தை என்று கூப்பிடப் போகிறான் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. நானும் அதற்காகத்தான் நின்றேன். அந்த நேரம் பார்த்துச் செண்பகம் குப்பை வாளியோடு வெளியே வந்தாள்.

"போய்ட்டு வாரேன் சித்தி" என்றான்.

"ஊருக்காப்பா? அம்மாவக் கேட்டதாச் சொல்லு" என்றாள் செண்பகம்.

"சரிக்கா" என்றுவிட்டுப் போனான்.

செப்டம்பர் 8, திங்கள்

போன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்றே வருகிறது. பழையபடி அந்தக் கடன்காரன்கள் தொந்தரவு கொடுத்திருப்பார்கள், சிம்மை மாற்றியிருப்பான் என்றேன். இவர் மறுபடி அந்த நம்பரையே அழுத்தினார்.

செப்டம்பர் 14, ஞாயிறு

இவர் திருப்பூருக்குப் போய்விட்டு வந்துவிட்டார். அந்தக் கூட்டாளியைக் கண்டுபிடித்திருக்கிறார். நவநீதன் அங்கே போகவே இல்லை. வருவதாகச் சொல்லவும் இல்லை. அந்தப் பையனோடு பேசியே ஒரு வருஷம் ஆகிறதாம்.

போலீசில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்று சட்டையை மாட்டினார். நான் வாசலை மறித்து நின்றேன். விசாரிக்க வீட்டுக்கு வருவார்கள், செண்பகத்தையும் கேட்பார்கள், காணாமல் போனவன் யாருக்கு என்ன முறை என்றுதான் முதலில் கேட்பார்கள். கல்யாணம் முடியட்டும், மறுநாளே போவோம் என்றேன். ஐப்பசி ரொம்ப தூரமில்லை என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதன் பிறகு என்னோடு பேசவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

மொட்டைமாடிப் பூட்டைக் கழற்றி வைத்திருக்கிறார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. இவர் தனியாக ஆற்றுக்குப் போனார். தங்கச்சிக்கும் தண்ணி விடணும் என்றதற்கு, அவங்களுக்கு மகன் இல்லையா, அவர் வந்து செய்யலாமே என்று ஐயர் கேட்டாராம். இருக்கான் என்று சொன்னாராம். இதைக்கூட அவர் என்னிடம் சொல்லவில்லை, பூரணியிடம் சொன்னார். பூரணி வேலைக்குப் போய் வருகிறாள், கொடுத்தால் சாப்பிடுகிறாள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரு நாள் சொன்னாள். அவள் அப்பாதான், அவன் இவ்வளவு பட்டதும் வீணாகிவிடும் என்று சொல்லி அடக்கினார்.

கோமதி படத்தைத் திரும்ப மாட்டினேன். கண்ணைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ராஜேஸ்வரி அம்மா போன். தூத்துக்குடியில் ஜவுளி எடுத்துக்கொண்டிருக்கிறார்களாம், கடை இரைச்சல் கேட்டது. பெண்ணின் கூடப்பிறந்தவனுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சட்டை எடுப்பது அவர்கள் வழக்கமாம்.

"ஒங்க அக்கா மகனுக்கு என்ன சைஸ் மைனி? தயங்காமச் சொல்லுங்க, நல்லதாவே எடுக்கேன். அன்னைக்குப் பூரா எனக்கு அந்தப் பிள்ள ஞாபகம்தான். அம்மாவப் பத்திச் சொல்லும்போது அந்த மொகம் இருக்கே!"

அவனை நான் டேப் வைத்து அளந்ததில்லை. ஆனால் அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தவள் நான்.

"நாப்பது" என்றேன். "முழுக்கை."

"கலரு?"

"இள நீலம் அவனுக்கு நல்லாருக்கும்."

போனை வைத்தேன். இவர் அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். உனக்கு எப்படி நாக்கு வந்தது என்று கேட்பார், கையை ஓங்கிக்கொண்டு வருவார் என்று நினைத்தேன். இத்தனை நாளுக்குப் பிறகு ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன். பேசினார்.

"இப்ப மெலிஞ்சிருப்பான் வடிவு. முப்பத்தெட்டுன்னு சொல்லியிருக்கலாம்."